புதுச்சேரி ஆளுநர்கள் வரிசை: எண்ணிக்கை ஏன் பட்டியலுக்குப் பட்டியல் மாறுகிறது

கேள்வி இதுதான்: புதுச்சேரிக்கு இதுவரை எத்தனை ஆளுநர்கள் இருந்திருக்கிறார்கள்? இப்போதுள்ள துணைநிலை ஆளுநர் கைலாஷ்நாதன் எத்தனையாவது? பள்ளி ஆண்டு மலருக்காகப் பட்டியல் தொகுக்கும்போது மூன்று இடங்களில் மூன்று எண் கிடைத்தது, எது சரி என்று கேட்டிருக்கிறீர்கள்.

மூன்றுமே சரியாக இருக்க வாய்ப்பு உண்டு. மன்னர் பரம்பரை போல ஒரே சங்கிலி இங்கே இல்லை. பிரெஞ்சு ஆளுநர், பிரெஞ்சுக் குடியரசின் ஆணையர், இந்திய அரசின் தலைமை ஆணையர், துணைநிலை ஆளுநர் என்று நான்கு வேறு வேறு பதவிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே மாளிகையில் அமர்ந்திருக்கின்றன. எங்கிருந்து எண்ணத் தொடங்குவது, தற்காலிகமாக இருந்தவரைச் சேர்ப்பதா, ஒருவரே இரண்டு முறை வந்தால் ஒன்றா இரண்டா என்ற மூன்று கேள்விகளுக்குத் தொகுப்பவர் என்ன முடிவெடுக்கிறாரோ அதற்கேற்ப எண் மாறும். பெரும்பாலான பட்டியல்கள் அந்த முடிவைச் சொல்லாமல் எண்ணை மட்டும் போட்டுவிடுகின்றன. குழப்பம் முழுவதும் அங்கிருந்துதான் வருகிறது.

முதலில் தொடக்கப் புள்ளி. பிரான்சுவா மார்த்தேனை முதல் ஆளுநர் என்று எல்லோரும் படித்திருப்போம். அவர் புதுச்சேரிக்கு வந்தது 1674இல். ஆனால் வந்த நாளிலேயே அவர் ஆளுநர் அல்ல, பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஊழியர். வலிகண்டபுரத்திலிருந்து ஆண்ட பீஜப்பூர் அதிகாரி ஷேர்கான் லோடி கொடுத்த இடத்தில் பண்டகசாலையைப் பார்த்துக்கொண்டவர். அப்போது கீழைநாட்டு பிரெஞ்சு வணிகத்தின் தலைமையிடம் சூரத். 1693இல் டச்சுக்காரர்கள் புதுச்சேரியைப் பிடித்தார்கள். 1697 ரிஸ்விக் உடன்படிக்கைப்படி ஊர் திரும்பக் கிடைக்க, மார்த்தேன் 1699இல் மீண்டும் பொறுப்புக்கு வந்தார். 1701இல் உயர் ஆலோசனை சபை இங்கே அமைந்த பிறகுதான் புதுச்சேரி தலைநகர் ஆனது. அதனால் சில பட்டியல்கள் மார்த்தேனை 1674 என்றும், சில 1699 என்றும், சில 1701 என்றும் போடுகின்றன. வேறு சில சூரத்தில் இருந்த பிரான்சுவா கரோனையும், 1672 முதல் 1674 வரை சாந்தோமைப் பிடித்து வைத்திருந்த தெ லா ஹேயையும் மார்த்தேனுக்கு முன்னால் வைக்கின்றன. அது கீழைநாட்டு பிரெஞ்சுத் தலைவர்களின் பட்டியல். புதுச்சேரி ஆளுநர் பட்டியலில் அந்த இருவருக்கும் வேலையில்லை. என் பரிந்துரை: மார்த்தேனுக்கு 1674 வருகை, 1699 ஆளுநர் பொறுப்பு என்று இரண்டு ஆண்டையும் குறியுங்கள்.

மார்த்தேன் 1706 டிசம்பர் 31 அன்று இங்கேயே பதவியில் இருந்தபடி இறந்தார். அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளில் டுலிவியே, எபேர், மறுபடி டுலிவியே, மறுபடி எபேர் என்று இருவரே மாறி மாறி வருகிறார்கள். பிறகு லா பிரெவோஸ்தியேர் 1718இலிருந்து 1721 வரை, அவர் போனதும் லெனுவார் தற்காலிகமாக 1723 வரை, பிறகு பொவோலியே தெ கூர்ஷான், 1726இலிருந்து மறுபடி லெனுவார், இந்த முறை முழு ஆளுநராக. ஆள் கணக்கு எடுத்தால் இந்தப் பகுதியில் மார்த்தேனோடு சேர்த்து ஆறு பேர். பதவிக்கால கணக்கு எடுத்தால் ஒன்பது. எண் பிசகுவது பெரும்பாலும் இந்த முதல் முப்பது ஆண்டிலேயே நடந்துவிடுகிறது. அதற்குப் பிறகு வரும் ஒவ்வோர் எண்ணும் அந்தப் பிசகைச் சுமந்துகொண்டே போகிறது.

லெனுவாருக்குப் பின் டூமா. நாணயம் அடிக்கும் உரிமை 1736இல், காரைக்கால் 1739இல் கிடைத்தது இவர் காலத்தில்தான். 1741 அக்டோபரில் அவர் புறப்பட்டார். டூப்ளே பொறுப்பேற்றது 1742 ஜனவரி 14. இடையில் ஏறத்தாழ மூன்று மாதம் ஆளுநர் யாரும் இல்லை. டூப்ளே அதற்குமுன் வங்காளத்தில் இருந்த பிரெஞ்சுக் குடியேற்றமான சந்திரநாகூரில் இயக்குநராக இருந்தார். அங்கிருந்து வந்து சேர வேண்டும். இடைவெளியில் சபைதான் ஊரை நடத்தியது. கப்பல் யுகத்துப் பட்டியல்களில் இப்படிப்பட்ட இடைவெளி இயல்பு. பாரிஸில் நியமன ஆணை எழுதிய நாள், அது கப்பலில் இங்கே வந்து சேர்ந்த நாள், சபை முன்னிலையில் வாசிக்கப்பட்டு பொறுப்பேற்ற நாள் என மூன்றும் வேறு வேறு. பிரான்சிலிருந்து கப்பல் வர ஆறு மாதம்கூட ஆகும். ‘முன்னவர் போன ஆண்டே பின்னவர் வந்த ஆண்டு’ என்று நினைத்து இடைவெளியை அடைத்துவிடாதீர்கள். காலி என்றால் காலி என்றே எழுதுங்கள்.

டூப்ளேயின் முடிவு தேதி இன்னொரு பொறி. பட்டியல்களில் 1754 அக்டோபர் என்று இருக்கும். உண்மையில் அவருக்குப் பதிலாக அனுப்பப்பட்ட கொதெயு 1754 ஆகஸ்ட் தொடக்கத்திலேயே கரையிறங்கி அதிகாரத்தை எடுத்துக்கொண்டார். டூப்ளே கப்பலேறியதுதான் அக்டோபர் நடுவில். ஆக அந்த இரண்டரை மாதம் முன்னாள் ஆளுநரும் புதியவரும் ஒரே ஊரில் இருந்தார்கள், அதிகாரம் புதியவரிடம். ஆகஸ்ட் என்று எழுதுவதே சரி என்பது என் கருத்து. அக்டோபர் என்பது பயணத் தேதி.

கொதெயு சில மாதமே இருந்துவிட்டு 1755 தொடக்கத்தில் கிளம்பினார். அவருக்குப் பின் துவால் தெ லெய்ரி. இங்கேதான் மிகப் பெரிய தவறு நடக்கிறது. பல பட்டியல்கள் லெய்ரியை 1758இல் முடித்துவிட்டு, 1758 முதல் 1761 வரை லாலி ஆளுநர் என்று போடுகின்றன. லாலி 1758 ஏப்ரல் இறுதியில் வந்தது உண்மை. வந்த வேகத்தில் ஜூன் 2 அன்று கடலூர் தேவனாம்பட்டினத்தில் ஆங்கிலேயர் வசமிருந்த புனித டேவிட் கோட்டையைப் பிடித்ததும் உண்மை. ஆனால் அவர் மன்னரின் ஆணையர், படைத்தலைவர். ஆளுநர் நாற்காலியில் லெய்ரி 1761 வரை தொடர்ந்தார். லாலிக்குச் சபை மேல் அதிகாரம் இருந்தது, சபையோடு ஓயாத சண்டையும் இருந்தது. ஒரே நேரத்தில் இருவர் என்பதால் ஒருவரை வெட்டிவிட்டுப் பட்டியலை நேராக்கப் பார்க்கிறார்கள். அப்படிச் செய்தால் அந்தக் காலத்தின் முக்கியச் சிக்கலே மறைந்துபோகும். இரண்டு வரி போடுங்கள்: லெய்ரி, ஆளுநர், 1755–1761. லாலி, மன்னரின் ஆணையரும் படைத்தலைவரும், 1758–1761. லாலிக்கு வரிசை எண் வேண்டாம்.

இந்தக் காலத்துக்கு நம் கையில் இருக்கும் மிக நல்ல துணை ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு. 1736இலிருந்து 1761 வரை ஓடுகிறது. டூமா, டூப்ளே, கொதெயு, லெய்ரி, லாலி ஐவரும் அதில் வருகிறார்கள். பிள்ளை 1747இலிருந்து டூப்ளேயின் தலைமைத் துபாஷ், அதாவது மொழிபெயர்ப்பாளரும் வணிக இடையாளரும். யார் எந்த நாளில் வந்தார், எத்தனை பீரங்கி முழங்கியது, யார் எதிர்கொண்டு போனார் என்பதையெல்லாம் தமிழில் எழுதி வைத்தவர். அவர் இறந்தது 1761 ஜனவரி 12. நான்கே நாளில், ஜனவரி 16 அன்று, புதுச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது.

தேதி ஒப்பிடும்போது கடலூர்க்காரர்களுக்கும் புதுச்சேரிக்காரர்களுக்கும் ஒரு எச்சரிக்கை. 1752 செப்டம்பர் வரை ஆங்கிலேயர் பழைய நாட்காட்டியைப் பின்பற்றினார்கள். பிரெஞ்சுக்காரர்கள் புதியதை. பதினெட்டாம் நூற்றாண்டில் இரண்டுக்கும் 11 நாள் வித்தியாசம். சென்னைக் கோட்டை வீழ்ந்த நாள் ஆங்கில ஆவணத்தில் 1746 செப்டம்பர் 10, பிரெஞ்சு ஆவணத்தில் செப்டம்பர் 21. நிகழ்ச்சி ஒன்றுதான். அதோடு ஆங்கிலேயரின் புத்தாண்டு மார்ச் 25இல் தொடங்கியது. ஆகவே அவர்களுடைய ‘1746 பிப்ரவரி’ நம் கணக்கில் 1747 பிப்ரவரி. கடலூரிலிருந்து புதுச்சேரி இருபத்து சொச்சம் கிலோமீட்டர்தான். ஆனால் இரண்டு ஊர் ஆவணங்களையும் அப்படியே பக்கத்தில் வைத்தால் ஒருவர் வருவதற்கு முன்பே கிளம்பியதாகத் தெரியும்.

கடலூர்க் கதையையும் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம், ஏனென்றால் உங்கள் பட்டியலில் அந்தப் பெயர்கள் கலந்துவிடக்கூடும். சென்னை பிரெஞ்சுக்காரர் கையில் போன 1746இலிருந்து 1752 வரை சோழமண்டலக் கரையின் ஆங்கிலேயத் தலைமையிடம் தேவனாம்பட்டினம். ஜான் ஹிண்ட், சார்லஸ் ஃபுளோயர், தாமஸ் சாண்டர்ஸ் மூவரும் சென்னை ஆளுநர் வரிசையில் வருகிறார்கள். ஆனால் உட்கார்ந்த இடம் கடலூர். சாண்டர்ஸ்தான் 1752இல் தலைமையிடத்தைச் சென்னைக்குத் திரும்ப மாற்றினார். பிறகு புனித டேவிட் கோட்டைக்குத் துணை ஆளுநர் மட்டும். 1756இல் அந்தப் பதவியில் ராபர்ட் கிளைவ் இருந்தார்.

1761க்குப் பின் புதுச்சேரியில் இடைவெளிகள் நீளமானவை. ஊரை இடித்துத் தரைமட்டமாக்கியே விட்டார்கள். டூப்ளே கட்டிய மாளிகையும் அதில் போனது. 1765இல் ழான் லா தெ லொரிஸ்தோன் வந்து ஊரைத் திரும்பப் பெற்றுக் கட்டியெழுப்பத் தொடங்கினார். இப்போது பாரதி பூங்காவைப் பார்த்தபடி இருக்கும் ராஜ்நிவாஸ் என்று அறியப்பட்ட ஆளுநர் மாளிகை அந்த மறுகட்டுமானத்தின் வழிவந்தது. 1769இல் கம்பெனியின் வணிக ஏகபோக உரிமை நிறுத்தப்பட்டது. அதுவரை ஆளுநர் கம்பெனியின் ஆள், அதற்குப் பிறகு நேரடியாக மன்னரின் ஆள். பட்டியலில் இதை ஒரு கோடு போட்டுப் பிரித்துக் காட்டுவது நல்லது. லொரிஸ்தோனும் இரண்டு முறை வருகிறார். இடையில் ஓராண்டளவு புவயலோ.

1777இல் பெல்கோம்ப், 1778 அக்டோபரில் மறுபடி சரணடைதல். 1785 வரை ஊர் ஆங்கிலேயரிடம். இருந்தும் பட்டியல்களில் 1783–1785க்கு நேராக புஸ்ஸி என்று ஒரு பெயர் நிற்கும். ஊரே கையில் இல்லாதபோது எப்படி ஆளுநர்? புஸ்ஸி 1783 மார்ச்சில் பரங்கிப்பேட்டையில் இறங்கி, பிரெஞ்சுக்காரர்கள் 1782 ஏப்ரலில் பிடித்து வைத்திருந்த கடலூருக்குப் போனார். அந்த ஜூன் மாதம் கடலூரில் நடந்த போரைத் தாங்கியவர் அவர். அதாவது அந்த நாட்களில் பிரெஞ்சு இந்தியாவின் தலைவர் இருந்த ஊர் கடலூர். வெர்சாய் உடன்படிக்கைப்படி 1785இல் புதுச்சேரி திரும்ப வரும் தறுவாயில், அந்த ஆண்டு ஜனவரியில் அவர் இறந்துபோனார். அவருக்கு நேராக ‘கடலூரிலிருந்து’ என்று அடைப்புக்குறி போட்டால் ஆண்டு மலர் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு நல்ல செய்தி கிடைக்கும்.

அடுத்த சில ஆண்டுகளில் இன்னொரு சிக்கல். கீழைநாட்டுத் தலைமையையே மொரிஷியஸுக்கு, அப்போதைய பெயரில் பிரான்ஸ் தீவுக்கு, மாற்றிவிட்டார்கள். தலைமை ஆளுநர் அங்கே, புதுச்சேரியில் அவருக்குக் கீழே ஓர் ஆளுநர். சுய்யாக் என்ற பெயர் சில பட்டியல்களில் வருவது இதனால். கொசிஞி, கான்வே போன்றோர் இங்கே நிர்வாகம் பார்த்தவர்கள். 1793இல் ஊர் மீண்டும் வீழ்ந்தது. 1803இல் தெக்கான் என்ற தளபதி கப்பல் படையோடு வந்து பார்த்து, ஆங்கிலேயர் தராததால் பிரான்ஸ் தீவுக்குப் போய்விட்டார். அவரையும் ஆளுநராகச் சேர்க்கிறார்கள். வேண்டாம். 1793இலிருந்து 1816 வரை ஊர் நடைமுறையில் ஆங்கிலேயர் வசம் என்று எழுதுங்கள், போதும்.

1816 டிசம்பரில் கோமான் துய்ப்புய் பொறுப்பேற்றதிலிருந்து 1954 வரை பிரெஞ்சு ஆட்சி அறுபடவில்லை. பெயர்கள் நிறைய. தெபாசின் தெ ரிஷ்மோன், தெ மெலே, சேன் சிமோன், துய் காம்பே, புழோல், வெர்னினாக், துயுரான் துய்ப்ரே, பொந்தாம் என்று நீளும். எல்லோரையும் இங்கே விரிக்கவில்லை. இந்தப் பகுதியில் தவறு வரும் வழி ஒன்றுதான்: ஆளுநர் விடுப்பில் பிரான்சுக்குப் போனால் அடுத்த நிலை அதிகாரி தற்காலிகமாகப் பார்த்துக்கொள்வார். சில மாதம், சில நேரம் ஒரு வருடத்துக்கு மேலும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதின் தொடக்கத்திலும் இப்படி வந்தவர்கள் ஏராளம். இவர்களையும் எண்ணினால் ஒரு தொகை, எண்ணாவிட்டால் வேறு தொகை. பதவிப்பெயருக்குப் பக்கத்தில் ‘தற்காலிகம்’ என்று குறித்து, வரிசை எண் இல்லாமல் விடுவதுதான் வழி.

இருபதாம் நூற்றாண்டிலிருந்து இருவரைக் கட்டாயம் சொல்லவேண்டும். ஒருவர் ஆல்ஃபிரட் மார்த்தினோ. இரண்டு முறை ஆளுநராக இருந்தவர். இந்த மண்ணின் பிரெஞ்சு ஆவணங்களைத் தேடித் தொகுத்து அச்சேற்ற 1911இல் வரலாற்றுக் கழகம் நிறுவியவர். இன்று நாம் பழைய ஆளுநர் வரிசையைத் தேதியோடு பேச முடிகிறதென்றால் அவருக்கு நாம் பெரிதும் கடன்பட்டிருக்கிறோம். மற்றவர் லூயி போன்வேன், 1938இலிருந்து 1945 வரை. 1940இல் பிரான்ஸ் ஜெர்மனியிடம் வீழ்ந்தபோது ஜெர்மனியை எதிர்த்துப் போரைத் தொடர்ந்த தளபதி டி கோல் பக்கம் நின்று புதுச்சேரியை அந்த அணியில் சேர்த்தவர்.

1947இல் ஆளுநர் என்ற பதவியே போய் குடியரசின் ஆணையர் வந்தது. ஷார்ல் பரோன் கடைசி ஆளுநர், அவரே முதல் ஆணையர். ஒரே மனிதர், நாற்காலியும் அதே, பதவி மட்டும் வேறு. அவரை இரண்டு வரியில் எழுத வேண்டும். அவருக்குப் பின் 1949இல் ஷாம்போன், 1950இல் ஆந்த்ரே மெனார், 1954இல் சில வாரங்களுக்கு எஸ்கார்கேய். இவர்கள் காலத்தில் ஆட்சிப் பரப்பு தேய்ந்துகொண்டே போனது. 1950 மே மாதம் சந்திரநாகூர் இந்தியாவிடம் போனது. 1954 ஜூன், ஜூலையில் ஏனாமும் மாகேயும் கைவிட்டுப் போயின.

1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் வாக்களித்து, 170 பேர் இணைப்புக்கு ஆதரவு, 8 பேர் எதிர்ப்பு. நவம்பர் 1 அன்று பிரான்சின் சார்பில் பியேர் லாந்தி ஆட்சியை ஒப்படைத்தார், இந்தியாவின் சார்பில் கேவல் சிங் ஏற்றுக்கொண்டார். அவர் முதல் தலைமை ஆணையர். பின்னாளில் இந்தியாவின் வெளியுறவுச் செயலரானவர். தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் லாந்தியைக் கடைசி பிரெஞ்சு ஆளுநர் என்று எழுதிவிடுகிறார்கள். அவர் ஒப்படைக்க வந்த சிறப்புப் பிரதிநிதி. ஆளுநரும் அல்ல, ஆணையரும் அல்ல.

தலைமை ஆணையர் காலம் 1954–1963. இதில் கவனிக்க வேண்டிய சட்ட நுணுக்கம் ஒன்று. ஆட்சி கைமாறியது 1954இல் என்றாலும் இறையாண்மை சட்டப்படி மாறியது 1962 ஆகஸ்ட் 16 அன்றுதான். 1956 மே 28 அன்று கையெழுத்தான ஒப்பந்தத்தை உறுதிசெய்யும் ஆவணங்கள் அன்றுதான் இரு நாடுகளுக்கிடையே பரிமாறப்பட்டன. அதுவரை இந்தியா வெளிநாட்டு அதிகார வரம்புச் சட்டத்தின் கீழ் இங்கே நிர்வாகம் நடத்தியது. தலைமை ஆணையரைத் துணைநிலை ஆளுநர் வரிசையில் சேர்த்து எண்ணக் கூடாது என்பதற்கு இதுவே போதுமான காரணம்.

1962இல் அரசியலமைப்பின் 14ஆம் திருத்தம், 1963இல் யூனியன் பிரதேச ஆட்சிச் சட்டம். 1963 ஜூலை 1 அன்று சட்டப்பேரவையும் அமைச்சரவையும் வந்தன, எதுவார் குபேர் முதல் முதல்வர். துணைநிலை ஆளுநர் வரிசையில் முதல் பெயரான எஸ்.எல். சிலம் பொறுப்பேற்றது அக்டோபர் 14. மகாராஷ்டிர சட்டப்பேரவைத் தலைவராக இருந்தவர். 1968 அக்டோபர் 13 வரை சரியாக ஐந்து ஆண்டு. அப்படி நிறைவாக முடித்தவர்கள் இந்த வரிசையில் மிகக் குறைவு.

ஏன் குறைவு? மாநில ஆளுநருக்கு அரசியலமைப்பின் 156ஆம் பிரிவு ஐந்து ஆண்டு என்று ஓர் அளவையாவது சொல்கிறது, குடியரசுத் தலைவரின் விருப்பம் உள்ளவரை என்ற நிபந்தனையோடு. யூனியன் பிரதேசத்துக்கு 239ஆம் பிரிவு. அதில் குடியரசுத் தலைவர் ஒரு நிர்வாகியை நியமிப்பார், அவருக்கு என்ன பதவிப்பெயர் என்பதையும் அவரே முடிவு செய்வார் என்று மட்டும் இருக்கிறது. கால அளவு இல்லை. நாம் பேச்சில் ஆளுநர், கவர்னர் என்று சொன்னாலும் சட்டத்தின் பார்வையில் அவர் மத்திய அரசின் நிர்வாகி. ஆகவே டெல்லியில் ஆட்சி மாறினால் இங்கே காற்று உடனே மாறும். 2004 ஜனவரியில் வந்த என்.என். ஜா அந்த ஜூலையிலேயே போனார். 2013 ஜூலையில் வந்த வீரேந்திர கட்டாரியா 2014 ஜூலையில் நீக்கப்பட்டார்.

எஸ்.எல். சிலமுக்குப் பின் வந்தவர்களில் பி.டி. ஜாட்டி (1968–1972) இங்கிருந்து ஒடிசா ஆளுநராகி, 1974இல் குடியரசுத் துணைத் தலைவராகி, 1977இல் சில மாதம் தற்காலிகக் குடியரசுத் தலைவராகவும் இருந்தவர். சேதிலால், பி.டி. குல்கர்னி, ஹல்திபூர், கே.எம். சாண்டி, கோனா பிரபாகர ராவ், திவாரி, ரஞ்சித் சிங் தயாள் என்று வரிசை தொடரும். 1990இல் வந்த சந்திராவதி முதல் பெண். அவருக்குப் பின் ஹர் ஸ்வரூப் சிங். 1995இல் ராஜேந்திர குமாரி பாஜ்பாய், 1998இல் ரஜனி ராய். 2002இல் வந்த கே.ஆர். மல்கானி 2003 அக்டோபரில் பதவியிலிருக்கும்போதே இறந்தார். ஜாவுக்குப் பின் லக்கேரா, 2006 ஜூலையிலிருந்து முகுத் மிதி. மிதி காலத்தில்தான், 2006 அக்டோபர் 1 முதல், பாண்டிச்சேரி என்ற அதிகாரப்பூர்வப் பெயர் புதுச்சேரி ஆனது. அவருக்கு முந்தையவர்களின் ஆணைகளில் பாண்டிச்சேரி என்றே இருக்கும். மேற்கோள் காட்டும்போது திருத்த வேண்டாம்.

எண்ணிக்கை பிசகும் அடுத்த இடம் கூடுதல் பொறுப்பு. 2008 மார்ச்சில் மிதி போனதும் அந்தமான் துணைநிலை ஆளுநர் பூபிந்தர் சிங் இதையும் சேர்த்துப் பார்த்தார். ஜூலையில் கோவிந்த் சிங் குர்ஜார் வந்தார். 2009 ஏப்ரலில் குர்ஜார் பதவியிலேயே இறந்தார். மறுபடி பூபிந்தர் சிங். அந்த ஜூலை இறுதியில் இக்பால் சிங். ஒன்றரை ஆண்டுக்குள் ஐந்து வரி, நான்கு ஆட்கள், முழுப் பொறுப்பில் இருந்தவர் மூவர்தான். கட்டாரியாவுக்குப் பின் இதே போல் அந்தமானிலிருந்து ஏ.கே. சிங் 2014 ஜூலையிலிருந்து 2016 மே வரை, ஏறத்தாழ இரண்டு ஆண்டு கூடுதல் பொறுப்பு. முழு நேர ஆளுநர் சிலரைவிட அதிக நாள். இவரை விட்டுவிட்டால் பட்டியலில் பெரிய ஓட்டை தெரியும். சேர்த்தால் எண் ஏறும்.

2016 மே மாதம் கிரண் பேடி. 2021 பிப்ரவரி 16 இரவு அவர் நீக்கப்பட்டதாக அறிவிப்பு வந்தது. ஐந்து ஆண்டு நிறைய மூன்று மாதம் பாக்கி. பிப்ரவரி 18 அன்று தெலங்கானா ஆளுநர் தமிழிசை சௌந்தரராஜன் கூடுதல் பொறுப்பு ஏற்றார். நான்கே நாளில், 22ஆம் தேதி, நாராயணசாமி அரசு கவிழ்ந்தது. 25ஆம் தேதி முதல் குடியரசுத் தலைவர் ஆட்சி, மே 7 அன்று ரங்கசாமி முதல்வராகப் பதவியேற்கும் வரை. புதுச்சேரியில் இந்த ஆட்சி மாநிலங்களைப் போல 356ஆம் பிரிவில் வருவதில்லை. 1963 சட்டத்தின் 51ஆம் பிரிவில் வருகிறது. அந்த நாட்களில் துணைநிலை ஆளுநரே முழு நிர்வாகம். எனவே பதவிக் காலத்துக்குப் பக்கத்தில் ‘குடியரசுத் தலைவர் ஆட்சி’ என்று ஒரு பத்தி வைத்தால் அந்த ஆளுநரின் கையில் உண்மையில் எவ்வளவு அதிகாரம் இருந்தது என்பது தெரியும். சாதாரண நாட்களில்கூட, அமைச்சரவையோடு கருத்து வேறுபட்டால் விஷயத்தைக் குடியரசுத் தலைவருக்கு அனுப்பவும், அவசரமானால் இடையில் தாமே நடவடிக்கை எடுக்கவும் அதே சட்டத்தின் 44ஆம் பிரிவு அவருக்கு இடம் தருகிறது. மாநில ஆளுநருக்கு இல்லாத கை இது. பேடி காலத்து வழக்குகள் இதைச் சுற்றித்தான். 2019 ஏப்ரலில் சென்னை உயர்நீதிமன்றத் தனி நீதிபதி அன்றாட நிர்வாகத்தில் ஆளுநர் தலையிட முடியாது என்றார், 2020 மார்ச்சில் இரு நீதிபதிகள் அமர்வு அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது.

கூடுதல் பொறுப்பு ஆணைகளில் ஒரு வாசகம் வரும்: வழக்கமான ஏற்பாடு செய்யப்படும் வரை, தம் சொந்தப் பணியோடு சேர்த்து. அந்த வாசகம் இருந்தால் அவர் கூடுதல் பொறுப்பு. எத்தனை ஆண்டு இருந்தாலும் அப்படித்தான். தமிழிசை 2024 மார்ச் வரை, மூன்று ஆண்டுக்கு மேல் இருந்தார். அவருக்குப் பின் சி.பி. ராதாகிருஷ்ணனும் அதே முறையில் சில மாதம். 2024 ஜூலை 27 அன்று கைலாஷ்நாதன் நியமன அறிவிப்பு, ஆகஸ்ட் 7 அன்று பதவியேற்பு. செய்தித்தாளில் முதல் தேதியும் அரசுப் பதிவில் இரண்டாம் தேதியும் இருக்கும். இரண்டாவதை எடுங்கள். தலைமைச் செயலர் ஆணையை வாசிக்க, சென்னை உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதியோ பொறுப்புத் தலைமை நீதிபதியோ உறுதிமொழி செய்துவைக்கும் அந்தக் கணத்திலிருந்துதான் பதவி.

சரிபார்க்கப் போகும் இடங்கள்: 1963க்குப் பிந்தையவற்றுக்குப் புதுச்சேரி அரசிதழ். பிரெஞ்சுக் காலத்துக்கு லாஸ்பேட்டை ஜீவானந்தபுரத்தில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் புதுச்சேரி மையமும், ரோமேன் ரோலான் நூலகமும். கடலூர்ப் பக்கத்து ஆங்கில ஆவணங்களுக்கு எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம். தெருப்பெயர்களைச் சான்றாக எடுக்காதீர்கள். டூமா, பிரான்சுவா மார்த்தேன் பெயரில் வீதி இருப்பது போலவே சுஃப்ரேன், லபூர்தொனே பெயரிலும் இருக்கிறது. சுஃப்ரேன் கடற்படைத் தலைவர். லபூர்தொனே பிரான்ஸ் தீவின் ஆளுநர். இருவரும் புதுச்சேரி ஆளுநர்கள் அல்ல.

ஆண்டு மலருக்கு நான் சொல்வது: நான்கு பதவிக்கும் நான்கு தனி அட்டவணை. ஒவ்வொன்றிலும் பெயர், பொறுப்பேற்ற நாள், விலகிய நாள், விலகியதற்குக் காரணம் (மாற்றம், நீக்கம், மரணம், சரணடைதல்), முழுப் பொறுப்பா தற்காலிகமா என்று ஐந்து பத்தி. வரிசை எண் முழுப் பொறுப்புக்கு மட்டும். இரண்டாம் முறை வந்தவருக்குப் புதிய எண் தராமல் பழைய எண்ணையே திரும்பப் போடுங்கள். அட்டவணைக்கு மேலேயே இந்த விதியை இரண்டு வரியில் அச்சிடுங்கள். கைலாஷ்நாதன் படத்துக்குக் கீழே ‘இத்தனையாவது’ என்று போடுவதற்குப் பதில் ‘2024 ஆகஸ்ட் 7 முதல் துணைநிலை ஆளுநர்’ என்று போட்டுவிட்டால் யாரும் மறுத்து எழுத முடியாது.